எல்லைப் பகுதியிலிருந்து சமூகப்பணியில் பிஎச்டி: சான்றிதழ் முதல் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு வரை

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, குமுளி, சித்தூர், வாளையாறு, பாறசாலை. கேரள எல்லைக்குள் தமிழ் பேசி வளர்ந்து, சமூகப்பணி முதுகலையான எம்எஸ்டபிள்யூ முடித்து, பிஎச்டி செய்ய நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. கம்பம், போடி, செங்கோட்டை, களியக்காவிளைப் பக்கம் இருந்துகொண்டு கேரளத்தில் களப்பணி செய்ய விரும்புபவர்களுக்கும் பயன்படும்.

எல்லையில் வாழ்பவருக்குக் களத்தில் பெரிய பலம் உண்டு. இரண்டு மொழி தெரியும், இரண்டு மாநிலத்தின் திட்டங்களும் தெரியும், லயத்து வீட்டிலோ (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) ஊருக்குள்ளோ தயக்கமில்லாமல் போய் உட்கார முடியும். ஆனால் விண்ணப்பம், சாதிச் சான்று, தகுதிச் சான்று என்று காகிதத்துக்கு வந்துவிட்டால் அதே எல்லை குறுக்கே நிற்கும். அதனால் காகிதத்தை முதலில் முடியுங்கள். ஆய்வுத் தலைப்பு அதற்குப் பிறகு.

உண்மையில் பிஎச்டி வேண்டுமா?

"கல்லூரியில் பாடம் எடுக்கணும், அதுக்குத்தான்" என்பதே காரணம் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு பிஎச்டி கட்டாயம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதி 2023 ஜூலையில் மாறிவிட்டது. தேசியத் தகுதித் தேர்வான நெட், மாநிலத் தகுதித் தேர்வுகளான செட், ஸ்லெட் ஆகியவற்றில் ஒன்றே இப்போது குறைந்தபட்சத் தகுதி, பிஎச்டி விருப்பம்தான். நெட் எழுதித் தேறினால் வேலைக்கு விண்ணப்பிக்கலாம், பிஎச்டியைப் பகுதிநேரமாகப் பிறகு தொடரலாம். ஒரு கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது, ஆய்வையே தொழிலாகக் கொள்ள வேண்டும், பல்கலைக்கழகத்தில் மேலே போக வேண்டும் என்றால் தாராளமாக வாருங்கள். குறைந்தது 3 ஆண்டு, பெரும்பாலும் 4 முதல் 5 ஆண்டு போகும்.

கேரளத்தில் இருப்பவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. கேரளத்தில் எல்பிஎஸ் மையம் நடத்தும் 'செட்' மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான தேர்வு. கல்லூரிப் பணிக்கோ பிஎச்டி சேர்க்கைக்கோ அது உதவாது. தமிழ்நாட்டில் நடக்கும் செட் வேறு. அது உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு. பெயர் ஒன்றாக இருப்பதால் தவறான தேர்வுக்கு ஓராண்டு படித்துவிட்டு வருந்துபவர்கள் உண்டு.

தகுதி

யுஜிசியின் 2022ஆம் ஆண்டு பிஎச்டி விதிமுறைகள்தான் இப்போது அடிப்படை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளி, பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு. எம்ஃபில் படிப்பை அந்த விதிமுறையே நிறுத்திவிட்டது. இன்னும் அதைக் கேட்டு அலைய வேண்டாம். நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர்களும் நேராக விண்ணப்பிக்கலாம். ஆனால் சமூகப்பணியில் முதுகலைக் களப்பயிற்சி இல்லாமல் ஆய்வுக்குள் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கால அளவு: குறைந்தது 3, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2, ஆக மொத்தம் 10 ஆண்டு வரை. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாகப் பெண்களுக்கு 240 நாள் வரை உண்டு. இதைக் கேட்டுப் பெறுங்கள், இது சலுகை இல்லை, விதி.

அஞ்சல் வழியில் பிஎச்டி கிடையாது. பகுதிநேரம் உண்டு. அதற்கு வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். அதில் மூன்று வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள்: பகுதிநேர ஆய்வுக்கு அனுமதி, ஆய்வுக்கு நேரம் ஒதுக்கப் பணி இடம் தருகிறது, பாடநெறிக்குத் தேவைப்பட்டால் விடுவிப்போம். மூன்றாவதை எழுதத்தான் நிர்வாகங்கள் தயங்கும். அது இல்லாத சான்று திரும்பி வரும்.

சான்றிதழ்கள்: எல்லைக்காரர் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் பட்டம் பெற்றுக் கேரளப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் தகுதிச் சான்று அல்லது இணைச் சான்று கேட்பார்கள். உங்கள் எம்எஸ்டபிள்யூ, அவர்களுடைய எம்எஸ்டபிள்யூவுக்குச் சமம் என்று அந்தப் பல்கலைக்கழகமே தரும் காகிதம் அது. பாடத்திட்ட நகலை உங்கள் கல்லூரியில் முத்திரையுடன் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு தாளுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். கூடவே இடப்பெயர்வுச் சான்று, மாற்றுச் சான்று, பருவவாரியான மதிப்பெண் பட்டியல். கிரேடு மட்டும் இருந்தால் அதைச் சதவீதமாக மாற்றிய சான்றும் வேண்டும்.

சாதிச் சான்று இன்னும் சிக்கலானது. பட்டியல் சாதி, பழங்குடி அந்தஸ்து மாநிலவாரியானது. 1950இல் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தபோது உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்தது என்பதே கணக்கு. அதற்குப் பிறகு தோட்ட வேலைக்கு மலையேறிய குடும்பத்துக்குக் கேரளத்தில் பிறந்த பேரப்பிள்ளையாக இருந்தாலும் கேரளச் சான்று கிடைப்பது கடினம். பூர்வீக மாநிலத்தைச் சொல்லும் சான்றே கிடைக்கும், அதை வைத்துக் கேரள மாநில ஒதுக்கீட்டைக் கோர முடியாது. மூன்று தலைமுறை ஒரே மலையில் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு இது பெரிய அநீதி. ஆனாலும் விண்ணப்ப நேரத்தில் வாதாடி வெல்ல முடியாது. தாத்தா பாட்டியின் பழைய தோட்டப் பதிவு, பள்ளிப் பதிவேடு, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு, சேர்க்கைக்கு ஆறு மாதம் முன்பே வில்லேஜ் ஆபீஸிலும் தாலுக் ஆபீஸிலும் பேசத் தொடங்குங்கள்.

நெட் தேர்வு

2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணையே பிஎச்டி சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று யுஜிசி வைத்திருக்கிறது. முடிவு மூன்று வகையாக வரும்: ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை), உதவிப் பேராசிரியர் தகுதியுடன் பிஎச்டி, பிஎச்டிக்கு மட்டும். பின்னிரண்டில் வந்தவர்களுக்கு நெட்டுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் கணக்கு. அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். சில பல்கலைக்கழகங்கள் தனி நுழைவுத் தேர்வும் நடத்துகின்றன. அதில் பாதி ஆய்வு முறையியல், பாதி பாடம்.

பாட எண்ணைக் கவனியுங்கள். சமூகப்பணிக்கு எண் 10. மனிதவள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுத்த பலர் எண் 55, அதாவது தொழிலாளர் நலன், மனிதவளம் என்று தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு சமூகப்பணித் துறையில் பிஎச்டி கேட்டு நிற்கிறார்கள். சமூகப்பணியில் பிஎச்டி என்றால் 10தான்.

முதல் தாள் 50 கேள்வி 100 மதிப்பெண், இரண்டாம் தாள் 100 கேள்வி 200 மதிப்பெண், சேர்த்து 3 மணி நேரம். தவறான பதிலுக்குக் கழிவு இல்லை. ஒரு கேள்வியையும் விடாதீர்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். ஜேஆர்எஃப் கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு எஸ்ஆர்எஃப் (மூத்த ஆய்வாளர் நிலை) ஆனால் 42,000. முழுநேர ஆய்வாளருக்கு இது வாழ்க்கையையே மாற்றும் தொகை. முடிந்தவரை இதற்கு முயலுங்கள்.

எங்கே, யாரிடம்

எல்லையின் இரு பக்கமும் நல்ல துறைகள் பல உள்ளன. கேரளப் பக்கம் களமசேரி ராஜகிரி, திருவனந்தபுரம் ஸ்ரீகார்யம் லயோலா சமூக அறிவியல் கல்லூரி, காலடி ஸ்ரீ சங்கராச்சார்யா பல்கலைக்கழகம், காசர்கோடு மத்தியப் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டுப் பக்கம் கோயம்புத்தூர் பிஎஸ்ஜி கலை அறிவியல் கல்லூரி, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், சென்னை எம்எஸ்எஸ்டபிள்யூ (மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்). மனநலத் துறை என்றால் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் மனநலச் சமூகப்பணித் துறை.

பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை விட கைடை (ஆய்வு வழிகாட்டியை)ப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒரு பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்கலாம். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதியவர்களை எடுக்க முடியாது. அதனால் முதலில் கேட்க வேண்டியது, "சார், உங்களிடம் இடம் இருக்கிறதா?" என்பதே. பிறகு அவருடைய கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளையும், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளையும் இந்திய பிஎச்டி ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் இறக்கிப் படியுங்கள். அவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். இப்போது அவரிடம் இருப்பவர்களில் இருவரிடமாவது பேசுங்கள். "அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்ப வரும்?" என்று கேட்டால் போதும். ஆறு மாதம் என்று பதில் வந்தால் வேறு கைடைத் தேடுங்கள்.

முதல் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் யார், எந்தக் களம், என்ன கேள்வி, அவருடைய எந்தக் கட்டுரை அதோடு தொடர்புடையது: நான்கு வரி. ஒரு பக்கக் கருத்துக் குறிப்பை இணையுங்கள். முழு சினாப்சிஸையும் (ஆய்வுத் திட்ட வரைவு) முதல் நாளே அனுப்ப வேண்டாம்.

தலைப்பைச் சுருக்குவது

நேர்காணலில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தலைப்பால்தான் தோற்கிறார்கள். "இடுக்கி மாவட்டத் தோட்டத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை" என்று ஒருவர் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது கேள்வியே இல்லை, ஒரு மாவட்டத்தின் விவரப் பட்டியல். எந்த உழைப்பாளர், எந்த வயது, எந்தப் பிரச்சினை, எதோடு எதற்குத் தொடர்பு, சமூகப்பணி அதில் எங்கே தலையிடும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கங்களைத் தள்ளி வைத்துவிட்டுத் தாங்களே திரண்டு போனஸுக்காகச் சாலையில் அமர்ந்தார்கள். பொம்பிளை ஒருமை என்று அது பெயர் பெற்றது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது; 70 உயிர்கள் போயின. இரண்டுமே மிகப் பெரிய நிகழ்வுகள்; அவற்றிலிருந்து ஒரு ஆய்வுக் கேள்வியை எடுக்க முடியும். உதாரணத்துக்கு, வேலை ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய பெண்கள் அடுத்த வீட்டை எப்படி அமைத்துக்கொள்கிறார்கள், அதில் குடும்பம், சங்கம், பஞ்சாயத்து மூன்றில் எது உதவுகிறது என்று கேட்கலாம். இங்கே மக்கள் யார், காலம் எது, எதை ஆராய்கிறோம், சமூகப்பணியாளர் எங்கே நுழைவார் என்ற நான்கும் உள்ளன. சித்தூர் தாலுக்கா பிளாச்சிமடைத் தண்ணீர்ப் பிரச்சினையோ பழங்குடிப் பகுதியான அட்டப்பாடியின் தாய்சேய் நலமோ உங்களை ஈர்த்தாலும் இதே அளவுக்குச் சுருக்குங்கள். அட்டப்பாடி பற்றி ஏற்கனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. முன்னே வந்த ஆய்வேடுகளைப் படிக்காமல் அங்கே போகாதீர்கள். கேட்டதையே திரும்பக் கேட்டு அந்த மக்கள் சலித்துப்போயிருக்கிறார்கள்.

சேர்ந்த பிறகு: பாடநெறியும் ஆலோசனைக் குழுவும்

பாடநெறி குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு முறையியலும் ஆய்வு, வெளியீட்டு நெறிமுறையும் கட்டாயம். 55 சதவீதம் எடுத்தால்தான் மேலே தொடரலாம். ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழுவுக்கு முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். குழு சொன்ன திருத்தங்களைக் கூட்டம் முடிந்த அன்றே எழுதி, கைடிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அதே உறுப்பினர் நேர் எதிராகச் சொல்வதும் நடக்கும்.

அனுமதிகள்

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு நேர்காணல்கூட எடுக்காதீர்கள். பின்தேதியிட்டு ஒப்புதல் தர மாட்டார்கள். பழங்குடி ஊருக்குள் போக கேரளப் பட்டியல் பழங்குடியினர் வளர்ச்சித் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அட்டப்பாடியில் அகளியில் உள்ள ஐடிடிபி (ஒருங்கிணைந்த பழங்குடி வளர்ச்சித் திட்ட) அலுவலகத்தில் தொடங்குங்கள். ஊர் காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி தனி.

தோட்டம் தனியார் நிலம், நிர்வாகம் விட்டால்தான் உள்ளே. இங்கே நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. நிர்வாகத்தின் ஜீப்பில் போய் இறங்கினால் "கம்பெனி ஆளு" என்று பெயர் விழும், கூலி பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சங்கத் தலைவர் கூட்டிப் போனால் மற்ற சங்கத்து வீடுகள் கதவைச் சாத்தும். நிர்வாகத்திடம் கடிதத்தில் அனுமதி வாங்குங்கள், ஆனால் ஊருக்குள் அங்கன்வாடி டீச்சர், ஆஷா (ஊர் சுகாதாரப் பணியாளர்), குடும்பஸ்ரீ (கேரள அரசின் மகளிர் குழு அமைப்பு) வழியாகப் போங்கள். முதல் இரண்டு வாரம் நோட்டை எடுக்காமல் பழகுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னால் கைநாட்டு வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். லயத்துச் சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். குடும்ப வன்முறை, குடி, கடன் பற்றிய பேட்டிக்கு வேறு இடம் பாருங்கள்.

வினாத்தாளின் தமிழ்

எல்லை ஆய்வுகள் பெரும்பாலும் இங்கேதான் ஓட்டை விடுகின்றன. ஆங்கில அளவுகோலைச் சென்னைத் தமிழில் மொழிபெயர்த்து மூணாறுக்குக் கொண்டுபோகிறார்கள், பதில் தவறாக வருகிறது, அது யாருக்கும் தெரிவதில்லை.

"நீங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் உறுப்பினரா?" என்று கேட்டால், பத்து வருடமாக அயல்கூட்டத்தில் (குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கத்துக் குழு) இருக்கும் அம்மா "இல்லை" என்பார். அவருக்கு அது 'குடும்பஸ்ரீ'. 'ஊராட்சி' என்றால் விழிப்பார், 'பஞ்சாயத்து' என்றால் புரியும். 'கிராம நிர்வாக அலுவலர்' அங்கே கிடையாது, 'வில்லேஜ் ஆபீஸ்' உண்டு. இவையாவது பேச்சிலேயே பிடிபட்டுவிடும். பிடிபடாத சொல் ஒன்று உண்டு: 'சமூகம்'. ஆய்வாளர் 'சமூக ஆதரவு' என்று எழுதுவார். கேட்பவர் காதில் 'சமூகம்' சாதியாக விழும். "எங்க சமூகத்துல யாரும் இங்க இல்லியே" என்று பதில் வரும், ஆய்வாளர் 'ஆதரவு குறைவு' என்று குறித்துக்கொள்வார். அளவுகோல் முழுவதும் வீண். "கஷ்டம்னு வந்தா யாருகிட்ட போவீங்க?" என்று கேளுங்கள்.

வருமானக் கேள்வியும் அப்படித்தான். "மாத வருமானம்" என்று ஒரே கட்டம் வைத்தால் ஒருவர் முழுக் கூலியைச் சொல்வார், ஒருவர் கைக்கு வந்ததைச் சொல்வார். சம்பளச் சீட்டை எடுத்துவரச் சொல்லி, நாட்கூலி, கூடுதல் கொழுந்துக்கான காசு, பிஎஃப், மற்ற பிடித்தம், கைக்கு வந்தது என்று ஐந்து கட்டமாகப் பிரியுங்கள். சீட்டு பார்த்த வீட்டையும் பார்க்காத வீட்டையும் தனியே குறியுங்கள்.

மொழிபெயர்ப்பை இப்படிச் செய்யுங்கள். இருவர் தனித்தனியே தமிழாக்கட்டும், அதில் ஒருவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். இரண்டையும் இணைத்து ஒரு வடிவம் எடுங்கள். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கட்டும். மாறிய இடங்களைத் திருத்துங்கள். பிறகு 5 முதல் 8 பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, "இதுல என்ன கேக்குறேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். கடைசியாக 30 பேரிடம் முன்னோட்டம். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.70க்குக் கீழே போனால் எந்தக் கேள்வி கெடுக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். முன்னோட்டத்தில் வந்தவர்களை முதன்மை மாதிரியில் சேர்க்கக்கூடாது. வாழ்க்கைத் தரம் பற்றிய அளவுகோல் தேவைப்பட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்வி வடிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிறது. அனுமதி கேட்டுப் பயன்படுத்துங்கள், புதிதாக மொழிபெயர்க்க வேண்டாம்.

மாதிரி அளவும் களநாட்களும்

"300 பேர்" என்று சும்மா எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியே அதில்தான் கேட்பார். மொத்தம் 2,000 தொழிலாளர் என்றால், 95 சதவீத நம்பகத்துக்கும் 5 சதவீதப் பிழைக்கும் 322 பேர் தேவை. மறுப்பவர்களுக்காக 10 சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 355. ஆனால் லயம் லயமாகத் தேர்ந்தெடுத்தால், ஒரே லயத்தார் ஒரே மாதிரி பதில் சொல்வதால் எண்ணிக்கையை மேலும் உயர்த்த வேண்டும்; 1.5 மடங்கு வைப்பது வழக்கம். பண்புசார் ஆய்வுக்கு (எண்ணிக்கையை விட்டு அனுபவத்தை ஆழமாகக் கேட்கும் ஆய்வு) இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே புதிய செய்தி வருவது நிற்கும்வரை பேட்டி எடுக்க வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலையில் களப்பணி வைக்காதீர்கள், மழையும் மண்சரிவும். வேலை நாளில் மாலை ஐந்துக்கு மேல் வந்து சமையலில் இறங்கும் பெண்ணிடம் 40 நிமிடப் பேட்டி கேட்பது நியாயமில்லை. ஞாயிறு பிற்பகல் பரவாயில்லை. ஆக, வாரத்துக்கு 8 முதல் 10 பேட்டிதான் தேறும் என்று வைத்துக் காலத்தைக் கணக்கிடுங்கள். சிக்னல் இல்லாத தோட்டப் பிரிவுகளில் (டிவிஷன்) கோபோ டூல்பாக்ஸ் செயலியில் இணையம் இல்லாமலே பதியலாம், இரவு கீழே வந்ததும் அனுப்பிவிடலாம்.

ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க 6 முதல் 8 மணி நேரம் ஆகும். பேசிய தமிழிலேயே எழுதுங்கள், மலையாளச் சொல் கலந்திருந்தால் அப்படியே விடுங்கள். ஆய்வேட்டுக்கு எடுக்கும் மேற்கோளை மட்டும் ஆங்கிலமாக்கினால் போதும்.

எழுதுதல், எழுத்துத் திருட்டுச் சோதனை, சமர்ப்பிப்பு

முதல் நாளிலிருந்தே மேற்கோள்களை நூல்குறிப்பு மென்பொருளான ஸோட்டேரோவில் சேருங்கள். எண்ணியல் பகுப்பாய்வுக்கு எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் இல்லாவிட்டால் ஜமோவி இலவசம். முறையியல் அத்தியாயத்தைக் களத்தில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். ஓராண்டு கழித்து யாரை ஏன் விட்டோம் என்பது நினைவில் இருக்காது.

யுஜிசியின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் அளவு 10 சதவீதம் வரை அபராதம் இல்லை. 10 முதல் 40 வரை இருந்தால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை ஓராண்டு தடை, அதற்கு மேல் பதிவே ரத்து. இலக்கிய ஆய்வு அத்தியாயத்தில்தான் பெரும்பாலும் மாட்டுவார்கள். கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். படித்து மூடிவிட்டு எழுதுங்கள்.

2022 விதிமுறை, சமர்ப்பிப்புக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியே வைத்திருக்கலாம், அதன் விதியைப் பாருங்கள். 'கேர் லிஸ்ட்' (யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியல்) என்று சொல்லிப் பணம் கேட்கும் இதழ்களை நம்பாதீர்கள். யுஜிசி அந்தப் பட்டியலையே 2025இல் கைவிட்டுவிட்டது.

ஆய்வேடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளரிடம் போகும். வைவாவில் எல்லை ஆய்வுக்குக் கட்டாயம் வரும் கேள்விகள் மூன்று: நீங்களும் அந்த ஊர்க்காரர் என்பது பதில்களை எப்படிப் பாதித்தது, மொழிபெயர்ப்பில் எது இழந்தது, உங்கள் முடிவை வைத்து ஒரு சமூகப்பணியாளர் நாளைக் காலையில் என்ன செய்வார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடப் பதிலைக் கள உதாரணத்தோடு தயார் செய்யுங்கள். திருத்தங்கள் முடிந்து, இறுதிப் பிரதி சோத்கங்காவில் ஏறிய பிறகு, முடிவுகளை நான்கு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதி, பேட்டி கொடுத்த லயங்களுக்கும் பஞ்சாயத்துக்கும் அங்கன்வாடிக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.